கடலோரம் ஓர் இரவு: குடும்பத்துக்கு அறை எங்கே?

பெருநாளுக்கு மறுநாள் அஸருக்குப் பிறகு கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. பெருநாள் உடுப்போடு பிள்ளைகள், ஐஸ்கிறீம் வண்டி, கச்சான் சரை, காற்றில் இழுபடும் பட்டம், தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிவிட்டு உம்மாவின் சத்தத்துக்குத் திரும்பி ஓடிவரும் சிறுசுகள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கூட்டம் கலையும். இஷாவுக்கு முன் கரை வெறிச்சோடிவிடும். அலைச் சத்தம் படுக்கையில் கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் வாடியில் படுத்துறங்கிய மீனவர்களை விட்டால், மனைவி மக்களோடு கடலோரத்தில் ஓர் இரவு தங்கியவர்கள் நம்மில் மிகக் குறைவு.

இந்த ஆசை நமக்குப் புதிதுமல்ல. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நடக்கும் கொடியேற்றத்துக்கு அயலூர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதனன்று கடலில் குளிக்கும் வழக்கம் மூத்தம்மாக்களின் காலத்தில் இருந்தது. மார்க்கத்தில் இல்லாதது என்று பலர் அதைக் கைவிட்டார்கள். அந்த வாதம் இங்கே வேண்டாம். அந்தப் புதன்கிழமை போனதோடு பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து கடலில் இறங்க இருந்த ஒரே நாளும் போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறொன்று வரவில்லை என்பது மட்டும் இங்கே பேச வேண்டியது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கித் தெற்கே பாணமை, குமண வரை நீள்கிறது. இத்தனை நீளத்தில் வெளியூரார் தங்குவதற்கென்று கட்டப்பட்ட அறைகள் ஏறத்தாழ எல்லாம் பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்பையில், நாம் உல்லை என்று சொல்லும் அந்த ஒரே வளைவில், குவிந்து கிடக்கின்றன. அறுகம்பையை வளர்த்தது அலைச்சறுக்கு. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பலகையோடு இளைஞர்கள் வருகிறார்கள். விடுதிகளும் அவர்களுக்குப் பொருந்தவே கட்டப்பட்டிருக்கின்றன: இருவர் படுக்கும் அறை, முன்னால் ஒரு ஊஞ்சல் வலை, விடியப் பலகையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு முச்சக்கர வண்டி, இரவில் பாட்டு. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பொத்துவில் மக்கள் பலருக்கு அதுதான் சீவியம்.

நிந்தவூரிலிருந்து ஒரு வேனில் புறப்படும் குடும்பத்தை அங்கே நிறுத்திப் பாருங்கள். வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள், மூட்டுவலியோடு உம்மம்மா. ஆறு பேருக்கு இரண்டு அறை எடுக்க வேண்டும். ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு உள்ளால் கதவில்லை. கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பில்லை, வுழூச் செய்ய வசதியான குழாயில்லை. உடுப்போடு கடலில் இறங்கிய பெண் ஈரத்தோடு நடந்து வந்து மாற்றிக்கொள்ள மறைவில்லை. சமையலறையில் ஹலாலுக்குக் குறைவிராது, ஏனென்றால் சமைப்பவர் பெரும்பாலும் நம்மவர்தான். அடுத்த மேசையில் பியர் போத்தல் திறக்கப்படும்போது வாப்பா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவார், பிள்ளைகளும் பின்னால் போவார்கள். மறுமுறை அந்த வேன் பாசிக்குடாப் பக்கம் திரும்பும். அங்கே பாறைத்திட்டு அலையை அடக்குவதால் கடல் நெடுந்தூரம் இடுப்பளவுதான். காலையில் போய்ப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மர நிழலில் கொண்டுபோன சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, அன்றிரவே வீடு வந்து சேர்வார்கள்.

மாலைதீவு இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. முதலில் வெளிநாட்டாரைத் தனித் தீவுகளில் வைத்தார்கள். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி வந்தபோது, மாஃபுஷி போன்ற இடங்களில் வெளிநாட்டார் விரும்பிய உடையில் குளிக்கக் கரையின் ஒரு துண்டை மறைப்புக் கட்டி ஒதுக்கினார்கள். மிச்சக் கரை ஊராருக்கு. நம் கரையில் அப்படியே செய்ய வேண்டும் என்பதல்ல என் வாதம். யார் எங்கே, எப்போது என்று முன்கூட்டியே வகுத்து எழுதி வைத்த இடத்தில் முறைப்பு குறைவு. அறுகம்பையில் அப்படி எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகவே எல்லாம் முறைப்பாலும் முணுமுணுப்பாலும் தீர்மானமாகிறது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போக வேண்டாமென்று எச்சரித்தபோது, ஒரே வகை விருந்தாளியை நம்பியிருக்கும் ஊர் எவ்வளவு விரைவில் கலங்கிப்போகும் என்பதைக் கண்டோம். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக் குடும்பங்கள் எந்தத் தூதரகத்தின் அறிவித்தலுக்கும் காத்திருப்பவர்களல்ல.

நாள்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அரசாங்க முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் விடுமுறை. நோன்பில் யாரும் விடுதி தேடப் போவதில்லை. ஆனால் இந்த ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்தில் வருகிறது. மாரிக் கடல் அடங்கும் நேரம், அலைச்சறுக்குக்காரர் இன்னும் வந்து சேராத நேரம். அறைகள் சும்மா கிடக்கும் அந்த நாள்களில் குடும்பத்துக்கென்று ஒரு கட்டணம் போட்டுப் பார்க்க எந்த உரிமையாளருக்கும் பெரிய முதல் வேண்டியதில்லை.

கட்டணம் குறைந்தாலும் கடலோரம் படுக்க நம்மில் பலருக்கு மனம் வராது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று தெருத் தெருவாகப் போனார்கள். அன்று பத்து வயதில் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் இன்று முப்பதைத் தாண்டிய வாப்பாக்களும் உம்மாக்களும். பகலில் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். இரவில் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்திவிடுவார்கள். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது எவரும் யாருடைய அறிவுரைக்கும் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். ஆகவே நமது கரையில் ஒரு விடுதி தன்னைக் குடும்ப விடுதி என்று சொல்வதானால் அது முதலில் காட்ட வேண்டியது நீச்சல் தடாகத்தையல்ல. இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு எந்தப் படியால் ஏறுவாள், எந்த வாசலால் வீதிக்கு வருவாள் என்பதை. அறைக் கதவின் உட்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதை ஒட்டிவைக்க ஒரு தாள் போதும்.

கரை யாருக்கு என்ற சண்டையும் அந்த டிசம்பரோடு வந்ததுதான். சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். தெற்கில் அது 100 மீற்றர். குடியிருப்புக்கும் வாடிக்கும் தடை, ஹோட்டலுக்கோ விதிவிலக்கு. வாடியைப் போடவிடாமல் விருந்தினருக்குக் கட்டடம் எழுப்பும் அந்தத் திட்டத்துக்கு எதிராக அறுகம்பை மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ட்ரின்' நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். பிறகு தடை தளர்த்தப்பட்டது. ஆனாலும் கரைவலை இழுக்கும் பாட்டுக்கும் ஹோட்டலின் சாய்வு நாற்காலிக்கும் இடையிலான இழுபறி இன்றும் தீரவில்லை. புதிதாக யாராவது கரையில் குடும்ப விடுதி கட்டுவதானால் தோணி ஏற்றும் இடத்தையும் வலை காயும் இடத்தையும் தொடாமல் கட்டட்டும். வலை இழுக்கும்போது கயிற்றில் கை கொடுத்துப் பார்ப்பதை விடப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டை எந்த விடுதியும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

ஒலுவிலையும் மறக்கக் கூடாது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரஃபின் கனவென்று சொல்லப்பட்ட துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் வடக்கே ஓடும் மணலை மறித்தன. துறைமுக வாய் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை தின்னப்பட்டுத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. இன்று அளந்த கரை பத்து வருடத்தில் எங்கே இருக்கும் என்று இந்தப் பகுதியில் யாரும் துணிந்து சொல்ல மாட்டார்கள். கடல் தெரியும் அறைக்காகக் கடன் வாங்கிக் கட்டுவதை விட, இரண்டு தெரு உள்ளே தள்ளிக் கட்டிவிட்டுப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போவதே இங்கே புத்தி. உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்ற சட்டமும் அந்தப் பக்கமே நம்மைத் தள்ளுகிறது.

சில குடும்பங்கள் நாயோடும் வருகின்றன. ஆகவே இனி நாய். இதை எழுதினால் கடிதம் வரும், தெரியும்.

நாயோடு யார் வருகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். வெளிநாட்டார் தங்கள் நாயைக் கொண்டுவருவதில்லை. விசர்நாய் நோய் உள்ள நாடு இது. இங்கிருந்து நாயைப் பிரித்தானியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ திருப்பிக் கொண்டுபோக இரத்தப் பரிசோதனையும் மாதக்கணக்கான காத்திருப்பும் உண்டு. இரண்டு வார விடுமுறைக்கு யார் அந்தப் பாடு படுவார்? நாயோடு வருபவர்கள் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் சொந்த வாகனத்தில் வரும் நம் நாட்டுக் குடும்பங்கள்: சிங்களவர், தமிழர், பறங்கியர். பிள்ளைகளோடு வளர்ந்த நாயை வீட்டில் பூட்டிவிட்டு வர மனமில்லாதவர்கள். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் முற்றத்தில் நாயில்லாத வீடு குறைவு. சொந்த மாவட்டத்துக்குள்ளேயே அந்த விருந்தாளி இருக்கிறார்.

நமது பக்கத்தில் ஷாஃபிஈ மத்ஹப். நாயின் எச்சில் கடும் நஜீஸ். பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் வைத்திருக்கலாம். தேவையின்றி வீட்டுக்குள் வளர்ப்பது நன்மையைக் குறைக்கும். இதெல்லாம் சின்ன வயதில் ஓதியது. அதே மத்ஹபில், காய்ந்த நாய் காய்ந்த உடுப்பில் உரசினால் நஜீஸ் ஒட்டாது என்பதும் உண்டு (கடற்கரையில் காய்ந்த நாயைக் காண்பது கஷ்டம் என்பது வேறு விசயம்). மாலிக்கி மத்ஹபினர் நாயைச் சுத்தமான பிராணியாகவே கொள்கிறார்கள். குகைவாசிகளோடு இருந்த நாயைச் சூரத்துல் கஹ்ஃப் பேசுகிறது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. நாயைத் தொட்டால் கழுவச் சொன்ன மார்க்கம் கல்லால் எறியச் சொல்லவில்லை. நமது தெருக்களில் நாயைக் கண்டதும் கல்லெடுக்கும் பிள்ளை அதை எங்கே படித்தான் என்று பெரியவர்கள் யோசிக்கலாம்.

மலேசியாவும் ஷாஃபிஈ நாடுதான். 2014 ஒக்டோபரில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு பூங்காவில், நாயைத் தொட விரும்பும் முஸ்லிம்கள் தொட்டுப் பார்க்கவும், தொட்ட பிறகு எப்படிக் கழுவுவது என்று படிக்கவும் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். நூற்றுக்கணக்கில் சனம் வந்தது. பிறகு ஏற்பாட்டாளருக்குக் கொலை மிரட்டலும் வந்தது. கழுவும் முறையைக் கற்பித்த நிகழ்ச்சிக்கே அந்தக் கதி. மாலைதீவு அந்தத் தொல்லையே வேண்டாமென்று நாய் வளர்ப்பதையே தடுத்துவிட்டது. நம்மால் அப்படித் தடுக்க முடியாது, ஏனென்றால் இந்தக் கரை நம்முடையது மட்டுமல்ல.

கரையில் நாம் தினமும் காணும் நாய் கொழும்புக் குடும்பத்தின் நாயுமல்ல. மீன் இறங்கும் இடத்தில் குடலுக்கும் தலைக்கும் காத்திருப்பது, சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் படுத்திருப்பது, அதுதான் நமது நாய். அறுகம்பையில் பருவ காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துச் சோறு போடுவார்கள். ஒக்டோபரில் அவர்கள் போய்விட, அது பசியோடு ஊருக்குள் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் விசர்நாய் நோய் உள்ளதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோய்க்குறி வெளிப்பட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது அதே நிறுவனம். 2006க்குப் பிறகு நாட்டில் தெருநாயைக் கொல்வதில்லை என்பது அரசாங்கக் கொள்கை. ஆக, ஊசியும் கருத்தடையும்தான் வழி. சூட்கேஸோடு ஊசி அட்டையும் கொண்டுவரும் நாயைப் பற்றி ஊரெல்லாம் வாதாடுவோம். அட்டையே இல்லாமல் கரையில் திரிவதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச மாட்டோம். கடித்தால் புண்ணை உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி இலவசம் என்பதையாவது கரையோரப் பலகைகளில் எழுதி வைக்கலாம்.

நாயோடு வரும் குடும்பத்துக்கு இடம் கொடுப்பதற்கு ஃபத்வாவை விடக் கட்டட வேலை முக்கியம். தோட்டத்தின் ஒரு மூலையில் தனி வாசலோடு ஓர் அறை. சீமெந்துத் தரை, கம்பளம் கிடையாது. வெளியே நாயைக் கழுவ ஒரு குழாய், நாய்க்கென்றே தட்டும் துவாயும். சாப்பாட்டு இடத்துக்கும் சமையலறைக்கும் தொழும் இடத்துக்கும் அது வரக் கூடாது. வெளியே எப்போதும் சங்கிலியில். இதைப் பதிவு செய்யும்போதே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், வந்து இறங்கிய பிறகு வாசலில் நின்று சொல்லக் கூடாது. லாகுகல, குமண தேசியப் பூங்காக்களுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் முன்னால் வர வேண்டிய ஒன்று உண்டு. அறை துப்புரவு செய்யும் நம் பிள்ளைகளை நாய் நக்கிய தட்டைக் கழுவச் சொல்லக் கூடாது. நாயின் வேலை நாயைக் கொண்டுவந்தவருடையது. சம்பளம் போய்விடுமோ என்ற பயத்தில் மௌனமாகக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய் மனம் புழுங்கும் இளைஞனைப் பற்றி உல்லாசத்துறைக் கருத்தரங்குகளில் எவரும் பேசுவதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் யார் வருவார்கள் என்று கேட்கலாம். நாயைத் தலையில் வைத்துக் கொண்டாடும் பிரித்தானியாவிலேயே பல கடற்கரைகளில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை நாய்க்குத் தடை. பிள்ளைகள் குளிக்கும் மாதங்கள் அவை. மிச்ச மாதங்களில் நாய்க்குக் கரை. அங்கே யாரும் அதை அவமதிப்பென்று எடுத்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் கட்டப்போவது யார்? பெரிய ஹோட்டல் கம்பனிகளை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு பேர் கொண்ட நிந்தவூர்க் குடும்பம் அவர்களின் கணக்குக்குள் அடங்காது. எனக்குத் தெரிவது வீடுகள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா மத்திய கிழக்கில் உழைத்த காசில் மேல்மாடி எழும்பும், அடுத்த மகளுக்கென்று. அந்த மகள் படிக்கப் போயிருப்பாள், அல்லது இன்னும் சின்னப் பிள்ளையாக இருப்பாள். மாடி பல வருடம் பூட்டிக் கிடக்கும். தனி வாசல், வெளிப்படி, குழாய்த் தண்ணீர், அலை வந்தாலும் ஏறி நிற்க உயரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. உல்லாசப் பயணத்துறை அதிகாரசபை வீட்டுத் தங்குமிடங்களைப் பதிவு செய்கிறது. மருதமுனையிலோ பாலமுனையிலோ கடலுக்கு ஐந்து நிமிட நடையில் அப்படிப் பத்து மாடிகள் திறந்தால், காலைக்கு இடியப்பமும் சொதியும், பகலுக்குச் சோறும் மீன் ஆணமும், மாலையில் கடற்கரைக்குப் போகத் துணைக்கு வீட்டுப் பிள்ளை ஒன்றும் என்று குடும்பங்கள் வந்துவிடும். அறுகம்பையோடு போட்டி போட வேண்டியதேயில்லை.

அந்த வீடுகளின் உறுதி பெரும்பாலும் மகள்மாரின் பெயரில். தனியாகச் சமைக்கவும் பெருக்கவும் விருந்தாளியின் பிள்ளைக்குப் பாலைச் சூடாக்கிக் கொடுக்கவும் போகிறவளும் அந்த வீட்டு மகள்தான். ஆனால் இந்தப் பேச்சுக்கென்று கூடும் கூட்டங்களில் பள்ளிவாசல் நிருவாகமும் வர்த்தக சங்கமும் உல்லாசத்துறை உத்தியோகத்தரும் இருப்பார்கள், அவள் இருக்க மாட்டாள். மேல்மாடியைத் திறப்பதா, எத்தனை பேருக்கு, என்ன விலைக்கு, கண்டியிலிருந்து வரும் குடும்பத்தின் நாயைப் பின்வாசலால் விடுவதா வேண்டாமா என்ற கேள்விகளை அடுத்த கூட்டத்தில் அவளிடம் கேளுங்கள். வேண்டாமென்று அவள் சொன்னால் அந்த வீட்டில் அதுதான் விதி. சரி என்று சொன்னால், நஜீஸ் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்க யாரும் படியேற வேண்டியதில்லை.